முயலுக்கு விசில் வேண்டாம்

கேள்வி

சிங்கப்பூர் மார்சிலிங்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை வீட்டில் இருக்கிறோம். என் கணவருக்குக் காரைக்கால் பூர்வீகம். அவருடைய அத்தை கல்யாணமான கையோடு பாரிசுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அடுத்த மாதம் எங்களோடு சில வாரம் இருக்க வருகிறார். என் கணவர் சிறுவயதில் பள்ளி விடுமுறைக்கு அங்கே போனபோது, ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை வீட்டில் கடுகு போட்ட முயல் குழம்பு இருக்குமாம். வெள்ளையாக, கொழகொழவென்று இருக்கும், ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவோம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தைக்கு இப்போது கை நடுக்கம், சமைப்பதில்லை. அதை நானே செய்து அவருக்குப் போட வேண்டும் என்று ஆசை.

ஒத்திகை பார்ப்போமே என்று உறைந்த முயல் ஒன்றை வாங்கி வந்து, துண்டு போட்டு, மஞ்சள் தடவிக் கழுவி, ஆட்டுக்கறிக்கு வைப்பதுபோல் குக்கரில் நான்கு விசில் விட்டேன். டிஜோன் கடுகை முதலிலேயே கலந்துவிட்டேன். தொடைக்கறி நார்நாராகப் பிரிந்தது. முதுகுக்கறி வறவறவென்று தொண்டையில் இறங்கவில்லை. கடுகு போட்ட சுவடே இல்லை. போதாக்குறைக்கு எலும்புத் துணுக்கு வேறு பல்லில் மாட்டியது. எங்கே தப்பு? வீட்டில் ஒயின் புழங்குவதில்லை. அது இல்லாமல் வருமா? முயலுக்கு மிளகும் சோம்பும் அரைத்துப் போடாவிட்டால் கவிச்சி அடிக்கும் என்கிறார் மாமனார். எட்டு வயது மகளோ, கீழ்மாடித் தோழி வீட்டில் முயல் வளர்ப்பதால், இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். வழி சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, மார்சிலிங்

பதில்

உங்கள் அத்தை வைத்தது 'லாப்பன் ஆ லா மூத்தார்த்'. கடுகு முயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் முயலைக் குழம்பு வைக்க எத்தனையோ முறைகள் உண்டு. வெள்ளை ஒயின், காளான், பொடி வெங்காயம், பன்றிக்கொழுப்புத் துண்டு எல்லாம் போட்டு வைப்பது ஜிபலோத். சிவப்பு ஒயினில் வேகவைத்துக் கடைசியில் ரத்தம் ஊற்றிக் கெட்டியாக்குவது சிவே. உலர்ந்த பிளம்ஸ் பழம் போட்டு இனிப்பும் புளிப்புமாகச் செய்வதும் உண்டு. வெள்ளையாக, கொழகொழவென்று, கடுகோடு என்று உங்கள் கணவர் நினைவு வைத்திருப்பதால் இதில் சந்தேகமே வேண்டாம். இது உணவகத்து வித்தை இல்லை. வீட்டுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கும் குழம்பு. உங்கள் வீட்டு அடுப்பில் தாராளமாக வரும்.

முதலில் குக்கரைப் பற்றிப் பேச வேண்டும். தப்பு நடந்த இடம் அதுதான்.

ஆட்டுக்கறியில் தசைக்கு இடையே கொழுப்பு ஓடும், சவ்வும் நிறைய இருக்கும். விசில் மேல் விசில் விட்டாலும் அந்தக் கொழுப்பும் சவ்வும் உருகிக் கறியை ஈரமாக வைத்துக்கொள்ளும். பண்ணை முயல் பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே இறைச்சிக்கு வந்துவிடும் இளம் பிராணி. அதன் கறியில் கொழுப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு. புரதம் 20 விழுக்காட்டுக்கும் மேல். அந்தக் கொஞ்சக் கொழுப்பும் பெரும்பாலும் சிறுநீரகத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும், தசைக்குள் இருக்காது. குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி வரை போகிறது. அந்தச் சூட்டில் முயலின் தசைநார் சுருங்கித் தன்னுள் இருக்கும் தண்ணீரையெல்லாம் வெளியே தள்ளிவிடுகிறது. குழம்பு நிறையச் சாறு இருக்கும், கறி மட்டும் வறண்டு கிடக்கும். நீங்கள் சாப்பிட்டது அதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. முயலின் உடம்பில் எல்லா இடமும் ஒரே நேரத்தில் வேகாது. ஓடித் திரியும் பின்னங்காலிலும் முன்னங்காலிலும் சவ்வு உண்டு. அது கரைய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் மிதமான சூடு வேண்டும். முதுகுக்கறியில் சவ்வு கிட்டத்தட்டக் கிடையாது. இருபது நிமிடத்தில் வெந்துவிடும், அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். எல்லாத் துண்டையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக இறக்கினால் ஏதோ ஒன்று கெட்டே தீரும். ஆகவே காலை முதலில் போடுங்கள், முதுகைக் கடைசியில் போடுங்கள். இந்தச் சமையலில் நான் கறாராக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

எலும்புத் துணுக்குக்கு வருவோம். கறிக்கடைக்காரர் ஆட்டை வெட்டுவதுபோல் முயலைக் கட்டையில் வைத்து ஓங்கி வெட்டக் கூடாது. முயல் எலும்பு மெல்லியது. கத்தி பட்டால் ஊசி ஊசியாகச் சிதறும், குழம்பில் கலந்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. மூட்டு மூட்டாகப் பிரியுங்கள். முயலை மல்லாக்கக் கிடத்திப் பின்னங்காலை வெளிப்பக்கமாக வளைத்தால் இடுப்புப் பந்து தானாகத் தெரியும். அந்த இடத்தில் கத்தி நுனியைக் கொடுத்தால் கால் கையோடு வந்துவிடும். முன்னங்காலில் எலும்பு மூட்டே இல்லை, தோள்பட்டைக்கு அடியில் சதை மட்டும்தான். கத்தியைப் படுக்கவைத்து அறுத்தால் போதும். முதுகை மட்டும் குறுக்கே இரண்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே கத்தியை வைத்து அழுத்துங்கள், வெட்டாதீர்கள். விலாப் பகுதியில் கறி அதிகமில்லை. அதையும் கழுத்தையும் ஒரு வெங்காயத்தோடு தண்ணீரில் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் குழம்புக்கு வேண்டிய எலும்புச்சாறு கிடைத்துவிடும். வடிகட்டி எடுங்கள்.

முழு முயல் வாங்கினால் சில சமயம் தலையோடு வரும், உள்ளே ஈரலும் சிறுநீரகமும் இருக்கும். பதற வேண்டாம். அந்த ஈரலை எறிந்துவிடாதீர்கள். கோழி ஈரலைவிடப் பெரியது, இனிப்பானது. கடைசியில் வெண்ணெயில் இரண்டு நிமிடம் புரட்டித் தனியாக அத்தை தட்டில் வையுங்கள்.

எங்கே வாங்குவது என்பதை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். முயல் வேண்டுமென்றால் டெம்ப்சி, ஹாலந்து வில்லேஜ் பக்கம் மேற்கத்திய இறைச்சி விற்கும் கடைகளில் விசாரித்துவிட்டுப் போங்கள். எல்லா நாளும் இருக்காது. சிங்கப்பூருக்குள் வரும் இறைச்சி சிங்கப்பூர் உணவு அமைப்பு அங்கீகரித்த இடத்திலிருந்துதான் வர வேண்டும். கடற்பாலம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜொகூரில் யாராவது முயல் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும், அமைப்பின் விதியைப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அத்தை பாரிசிலிருந்து கறியைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு புட்டி நல்ல கடுகு கொண்டுவரச் சொல்லுங்கள், அது போதும். செல்லப்பிராணிக் கடை முயல் சமையலுக்கு ஆகவே ஆகாது. அதற்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. வீட்டில் அறுப்பதற்கும் இங்கே சட்டம் இடம் தராது.

உறைந்த கறியை முந்தைய நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி மெதுவாக இளகவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் மேடையில் வைத்து இளக்கினால் வெளிப்புறம் கெட ஆரம்பிக்கும்போதும் உள்ளே பனிக்கட்டியாக இருக்கும். இளகியதும் கழுவிக் கழுவி ஊறவைக்க வேண்டியதில்லை. உப்பைத் தடவி இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் திறந்தாற்போல் வையுங்கள், சமைக்கும் முன் ஈரத்தைக் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் சட்டியில் சிவக்காது, அவியும்.

இனி மாமனார் சொன்னது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் சொல்வது வேறு பிராணியை. ஊர்ப்பக்கம் வயக்காட்டில் பிடித்த முயல் இந்தியக் காட்டு முயல். அதன் கறி கருஞ்சிவப்பு, கெட்டி, வாடை பலம். புறநானூற்றிலேயே சுட்ட முயல்கறி வருகிறது. அவ்வளவு பழைய பழக்கம். அந்தக் கறிக்கு மிளகும் சோம்பும் பூண்டும் தூக்கலாகத்தான் வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த முயலை வேட்டையாடுவது இந்தியாவில் குற்றம். இன்று தமிழ்நாட்டிலும் தட்டுக்கு வருவது பண்ணை முயல்தான். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் போன்ற கறி முயல் இனங்களை அங்கே வளர்த்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கியதும் அந்த வகையறாதான். கறி வெளிர் ரோஜா நிறம், வாடை கோழியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதற்கு மசாலா அரைத்துப் போட்டால் கவிச்சி போகாது, ஏனென்றால் போவதற்குக் கவிச்சியே இல்லை. முயலின் சுவைதான் போகும். மாமனாரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அவருக்காக மிளகு வேண்டுமென்றால் மேசையில் பொடித்து வையுங்கள்.

பிரான்சிலும் காட்டு முயலின் கதை சோகமானது. 1952இல் போல் அர்மான்-தெலில் என்ற மருத்துவர் தன் எஸ்டேட்டில் முயல் தொல்லையை ஒழிக்க மிக்சோமாட்டோசிஸ் கிருமியைக் கொண்டுவந்து விட்டார். அது வேலியோடு நிற்கவில்லை. பிரான்சின் காட்டு முயல்களில் பெரும்பகுதியை அழித்து அண்டை நாடுகளுக்கும் பரவியது. ஆனால் வீட்டுக் கொல்லையில் கூண்டு வைத்து முயல் வளர்ப்பது பிரெஞ்சுக் கிராமத்தில் சாதாரணமாக இருந்தது. அந்தக் கொல்லை முயலிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு வந்தது.

இப்போது கடுகு. தாளிப்பில் கடுகை எண்ணெயில் பொரியவிடுகிறோம். வாசம் வருகிறது, காரம் வருவதில்லை. கடுகின் காரம் விதைக்குள் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. விதை உடைந்து தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் ஒரு நொதி வேலை செய்து அந்தக் காரத்தை அப்போதுதான் உண்டாக்குகிறது. எண்ணெயின் சூடு நொதியை முதலிலேயே கொன்றுவிடுவதால் தாளித்த கடுகு மூக்கைத் துளைப்பதில்லை. டிஜோன் கடுகில் விதையை அரைத்துப் புளிப்பு நீரில் கலந்து அந்தக் காரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது ஆவியாகிப் பறந்துவிடும் சரக்கு. கொதிக்கும் குழம்பில் போட்டுக் குக்கரை மூடினால் காரம் விசிலோடு வெளியே போய்விடும், கெட்டித்தன்மையும் லேசான கசப்பும்தான் மிஞ்சும். ஆகவே கடுகை இரண்டு தடவை போட வேண்டும். பாதி முதலில், குழம்புக்கு உடம்பு கொடுக்க. மீதி, அடுப்பை அணைத்த பிறகு, மூக்குக்கு.

கடுகு வாங்கும்போது புட்டியில் டிஜோன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஹாட்டாக்குக்குப் பிழியும் மஞ்சள் கடுகு இதற்கு உதவாது, அதில் மஞ்சள்தூளும் வினிகரும்தான் முன்னே நிற்கும். லிட்டில் இந்தியாவில் வங்காளிக் கடைகளில் காசுந்தி கிடைக்கும். மீனுக்கு அருமையான கடுகு விழுது அது, ஆனால் புளித்த வாசம் வேறு. வேண்டாம்.

சின்ன வெங்காயத்துக்குத் தேக்கா சந்தைக்குப் போங்கள். உங்களுக்கு வடக்கு-தெற்கு ரயிலில் நியூட்டன், அங்கே மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. பிரெஞ்சுக்காரர்கள் எஷலோத் என்று எதைத் தேடுவார்களோ அந்த வேலையை நம் சின்ன வெங்காயம் குறையில்லாமல் செய்யும். ஆனால் அங்கே பிரிஞ்சி இலையை வாங்கி இதில் போட்டுவிடாதீர்கள். பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், வாசம் பட்டையின் வாசம். முயல் பிரியாணிப் பக்கம் சாய்ந்துவிடும். உங்களுக்கு வேண்டியது நடுவில் ஒரே நரம்பு ஓடும் லாரல் இலை, மேற்கத்திய மசாலா அடுக்கில் இருக்கும். தைம் தழை கிடைக்காத நாளில் வீவக தாழ்வாரத்தில் யாராவது தொட்டியில் வைத்திருக்கும் கற்பூரவல்லியில் அரை இலை கிள்ளிப் போடலாம். இரண்டின் வாசமும் ஒரே குடும்பத்து எண்ணெயால் வருவது. அரை இலை போதும்; முழு இலை போட்டால் கஷாயம்.

அளவைக் கேளுங்கள். நான்கைந்து பேருக்கு 1.3 கிலோ முயல், சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 3 பல், வெண்ணெய் 30 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, டிஜோன் கடுகு 4 மேசைக்கரண்டி, மைதா 1 மேசைக்கரண்டி, எலும்புச்சாறு இரண்டு கோப்பை (ஒயின் சேர்ப்பவர்கள் ஒரு கோப்பை சாறு, ஒரு கோப்பை ஒயின்), லாரல் இலை 1, தைம் மூன்று கொத்து, 35 விழுக்காடு கொழுப்புள்ள சமையல் கிரீம் 150 மில்லி, பார்ஸ்லி ஒரு கைப்பிடி.

அடிகனமான அகலச் சட்டியில் எண்ணெயும் வெண்ணெயும் சேர்த்துச் சூடாக்குங்கள். வெண்ணெயின் நுரை அடங்கியதும் கறியை நெருக்காமல் இரண்டு மூன்று தடவையாகப் போட்டு மிதமான தீயில் எல்லாப் பக்கமும் பொன்னிறமாக்குங்கள். அவசரப்படாமல் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலைந்து நிமிடம் கொடுங்கள். முதுகுத் துண்டுகளை நிறம் பிடித்ததும் எடுத்துத் தனியே வையுங்கள். கடுகை இதற்கு முன்னாலேயே தடவுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. சட்டியில் பட்ட கடுகு கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும். சிவந்த கறி கொஞ்சம் ஆறியதும் இரண்டு கரண்டிக் கடுகை அதன்மேல் பூசிவிடுங்கள்.

அதே கொழுப்பில் வெங்காயத்தை முழுசு முழுசாகப் போட்டுத் தீயைக் குறைத்து, பளபளவென்று ஆகும்வரை வதக்குங்கள். பூண்டைத் தட்டிப் போட்டு, மைதாவைத் தூவி ஒரு நிமிடம் கிளறி, சாற்றில் பாதியை ஊற்றுங்கள். அப்போது மரக்கரண்டியால் சட்டியின் அடியில் பிடித்திருப்பதையெல்லாம் சுரண்டிவிடுங்கள். அந்தப் பழுப்பு ஒட்டலில்தான் குழம்பின் ருசியில் பாதி இருக்கிறது. அதனால்தான் ஒட்டாத பூச்சுச் சட்டி இதற்கு வேண்டாம் என்பேன். அதில் எதுவும் பிடிக்காது. கால் துண்டுகளையும் தழைகளையும் போட்டு, மீதிச் சாற்றை ஊற்றுங்கள். கறி முக்கால்வாசி மூழ்கினால் போதும். மூடியைக் கொஞ்சம் திறந்தாற்போல் வைத்து, தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள்.

தீ சரியாக அமையும்வரை அடுப்பை விட்டுப் போகாமல் சட்டியைப் பாருங்கள். குழம்பின் மேல் ஓர் ஓரத்தில் ஒரு குமிழி வந்து உடைய வேண்டும், சற்றுப் பொறுத்து இன்னொன்று. தளதளவென்று கொதித்தால் தீ அதிகம். வீட்டு அடுப்பில் சின்னத் தீயே சில சமயம் அதிகமாக இருக்கும். அப்போது தோசைக்கல்லை அடுப்பில் வைத்து அதன்மேல் சட்டியை வையுங்கள். நாற்பது நிமிடம் கழித்து முதுகுத் துண்டுகளைச் சேருங்கள். இன்னும் பதினைந்து இருபது நிமிடம். தொடையில் கத்தி நுனியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் கறி எலும்பைவிட்டு விழக் கூடாது. வெப்பமானி இருந்தால் முதுகுக்கறியின் நடுவில் 71 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். கறியை எடுத்து மூடி வைத்துவிட்டு, குழம்பை மட்டும் தீயைக் கூட்டிச் சுண்டவிடுங்கள். கரண்டியின் முதுகில் பூசினாற்போல் நிற்கும் பதத்துக்கு வந்ததும் கிரீமை ஊற்றி இரண்டு நிமிடம். அடுப்பை அணையுங்கள். மீதி இரண்டு கரண்டிக் கடுகைக் கொஞ்சம் குழம்பில் கரைத்து உள்ளே கலந்து, கறியைத் திருப்பிப் போட்டு, பார்ஸ்லி தூவுங்கள். உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும், கடுகிலேயே உப்பு உண்டு.

கிரீமுக்குப் பதிலாகத் தயிர் ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். திரிந்துவிடும். தேங்காய்ப்பால் ஊற்றினால் திரியாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அது வேறு குழம்பு.

ஒயின் இல்லாமல் வரும். ஒயின் இந்தக் குழம்புக்குத் தருவது முக்கியமாகப் புளிப்பு, கொஞ்சம் பழவாசம். இரண்டாவது கோப்பைச் சாற்றில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பிள் வினிகரும், நசுக்கி வடிகட்டிய பச்சைத் திராட்சைச் சாறு கால் கோப்பையும் கலந்துகொள்ளுங்கள். டிஜோன் கடுகுக்கே ஒரு காலத்தில் பழுக்காத திராட்சையின் சாற்றைத்தான் ஊற்றினார்கள். 1856இல் டிஜோனைச் சேர்ந்த ழான் நெழோன் வினிகருக்குப் பதில் அதைச் சேர்த்த பிறகுதான் அந்த ஊர்க் கடுகுக்கு இன்றைய மென்மை வந்தது. ஆக உங்கள் திராட்சைச் சாறு ஊருக்குப் புதிதில்லை. சீனக் கடையில் கிடைக்கும் அரிசி மது மட்டும் வேண்டாம், வாசம் ஒத்துப்போகாது. கொதித்தால் மது முழுக்கப் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். ஒரு மணி நேரம் வெந்தாலும் ஏறத்தாழ கால் பங்கு தங்கும். மது தொடாதவர்கள் பந்தியில் இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில டிஜோன் கடுகிலும் வெள்ளை ஒயின் உண்டு, புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். முஸ்லிம் நண்பர்களை அழைப்பதாக இருந்தால் ஹலால் முத்திரையுள்ள கறி வேண்டும். முயலுக்கு அது கிடைப்பது கடினம், அவர்களுக்குக் கோழியில் செய்வதே மேல்.

அந்தக் கோழிதான் உங்கள் மகளுக்கும். கடுகுக் கோழி பிரான்சில் முயலுக்குச் சமமாகப் புழங்கும் குழம்பு, ஒப்புக்குச் செய்யும் மாற்று இல்லை. தோலோடு தொடைகளை வாங்கி இதே முறையில் தனிச் சட்டியில் வையுங்கள். முப்பத்தைந்து நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும். முயலைக் கோழி என்று சொல்லி அவளுக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் தெரியவரும், அன்றைக்கு உங்கள் சமையலின் மேலேயே நம்பிக்கை போய்விடும். எட்டு வயதுக் குழந்தை தோழியின் முயலை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்திருக்கிறாள், அதனால் தின்ன மாட்டேன் என்கிறாள். அதில் திருத்த ஒன்றுமில்லை. பிரான்சிலேயே முயலை வீட்டில் வளர்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள், முயல்கறி உண்பது குறைந்துகொண்டே வருகிறது. நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்: முழு முயலை அவள் கண்ணில் படும்படி குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். பள்ளிக்குப் போன நேரத்தில் துண்டு போட்டு மூடி வைத்துவிடுங்கள். பந்தியில் யாரும் அவளைச் சீண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடகத்தைத் தாளிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காரைக்கால் குடும்பம் என்பதால் யாராவது கேட்பார்கள். 1954இல் அங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்து, 1962இல் அந்தப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பல. அவர்கள் அடுப்பில் இரண்டு ஊர்ச் சமையலும் நடந்தது. நம் வெங்காய வடகத்தையே வடூவான் என்று சொல்லி இன்று பிரெஞ்சுச் சமையல்காரர்கள் இறைச்சிக்கும் மீனுக்கும் போடுகிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அத்தை வந்த முதல் ஞாயிறு அதைச் செய்யாதீர்கள். அவர் ஐரோப்பாவில் தன் கையால் வைத்த குழம்பை அப்படியே ஒருமுறை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் வடகத்தை வெண்ணெயில் பொரித்து மேலே ஊற்றி, சோற்றோடு உங்கள் கணவருக்குப் போடுங்கள்.

தொட்டுக்கொள்ள அவித்த உருளைக்கிழங்கு, வெண்ணெயில் புரட்டிய அகல நூடுல்ஸ், அல்லது மேலோடு மொறுமொறுப்பான நீள ரொட்டி. ரொட்டி கட்டாயம் இருக்கட்டும், உங்கள் கணவர் அதைத்தான் நினைவு வைத்திருக்கிறார். பக்கத்தில் அப்பளமும் ஊறுகாயும் வைத்தால் கடுகு எடுபடாது.

இந்தக் குழம்பு ஒரு நாள் ஊறினால் இன்னும் நன்றாக இருக்கும். சனிக்கிழமை மாலையே, கிரீமும் இரண்டாம் கடுகும் சேர்ப்பதற்கு முந்தைய கட்டம் வரை செய்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். முதுகுத் துண்டுகளை மட்டும் அன்று வேகவைக்காமல், நிறம் பிடிக்க வைத்ததோடு நிறுத்தித் தனிப்பாத்திரத்தில் மூடிக் குளிர்பெட்டியிலேயே வையுங்கள். பாதி வெந்த கறி வெளியே இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அத்தை குளிக்கப் போகும்போது சட்டியைச் சின்னத் தீயில் ஏற்றுங்கள், குழம்பு சூடேறியதும் முதுகைப் போடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம். பிறகு கிரீம். எல்லோரும் மேசையில் உட்கார்ந்த பிறகு கடுகு.